வட்டமடிக்கும் விமானம் எண்ணெய் குடிக்குமா?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல, சுவருடையது. ஏரிக்கரை நகரமான கிசுமுவில் என் அடுக்களைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருப்பது அப்பளம் போன்ற சுவர். அந்தப் பக்கம் ஒகோலாவும் அவன் மனைவி அலுவோச்சும் பேசத் தொடங்கினால் நான் அடுப்பை மறந்துவிடுவேன்.

‘ஏரியின்மேல் மேகங்கள் கவிந்திருந்த…’ (வேண்டாம். இன்று நான் ஏரிப் பக்கம் போகவேயில்லை.)

ஒகோலா ஆளேற்றும் மட்டாட்டு வேன் ஓட்டியவன். ஒரு வருடமாக அதை விட்டுவிட்டு, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானங்களை இறக்கும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்கிறான். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். பிடிக்காவிட்டால் மறுபடி வேன்தான். அலுவோச் நிஜக் கோபுரத்தில் வேலை பார்ப்பவள்.

2

“பாபா லவின், இங்க வா.”

(லவினின் அப்பா என்று மகள் பெயரைச் சேர்த்து அலுவோச் அழைத்தால், அவன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.)

“ஆறு விமானத்தையும் வட்டமடிக்கச் சொல்லிட்டுப் போயி மீன் பொரிச்சு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணுத்துலயும் எண்ணெய் குறையல.”

“ஏன் குறையணும்? சும்மா காத்துக்கிட்டுதானே இருக்கு?”

“காத்துக்கிட்டு இருந்தா?”

“ஆள் சேர்ற வரைக்கும் ஸ்டாண்டுல எஞ்சினை அணைச்சிருவோம்ல. எவன் பெட்ரோலை வீணாக்குவான்?”

அவள் சிரித்த சிரிப்பில் என் தட்டுகள் ஆடின.

“ஆகாயத்துல எஞ்சினை அணைச்சிட்டு, கண்டக்டர் இறங்கி ஆள் கூப்பிடுறானாக்கும்?”

(இங்கே ஒகோலா கோபித்துக்கொண்டு வெளியேறுவதாக எழுதினேன். கதவுச் சத்தம் கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

திருத்தினான். இப்போது வட்டமடித்தாலும் எண்ணெய் எரிந்தது. குறைந்தால் விமானம் மஞ்சளாகும். தீர்ந்தால் திரையிலிருந்து மறையும். அவன் ஆடியபோது ஆறில் நான்கு மறைந்தன.

“இதை எவன் விளையாடுவான்? பழசே இருக்கட்டும்.”

“வர்றவங்க வட்டமடிக்க விட்டுப் பாத்தாங்கன்னா? சிரிச்சிட்டுப் போயிருவாங்க.”

“அப்போ நீ ஆறையும் இறக்கிக் காட்டு. இறக்கிட்டா புதுசு. ஒண்ணு போனாலும் பழசுதான்.”

“சரி. நடுவுல வாயத் திறக்கக் கூடாது.”

“நான் எப்ப…”

“இதோ, இப்ப.”

4

நான்கு இறங்கிவிட்டன. மிச்சம் இரண்டு, ஓடுபாதை ஒன்றுதான். (திரையை நான் பார்க்கவில்லை. எல்லாம் ஒகோலாவின் அலறலிலிருந்து தெரிந்துகொண்டது.)

“சின்னது ரேடியோல கத்துது பாரு! அதை விடு முதல்ல!”

“கத்துறவனுக்கு இன்னும் மூச்சு இருக்கு. பெருசு ஏன் பேசாம இருக்கு? அதைக் கேக்கணும்.”

“எத்தனை நிமிஷம்?”

“ரெண்டுக்குமே மூணு.”

முடிவு ஒன்று: இரண்டும் இறங்குகின்றன, ஒகோலா ஆடுகிறான். (சர்க்கரை அதிகம்.) முடிவு இரண்டு: பெரியது மறைகிறது, அவன் வேன் சாவியைத் தே… (அலுவோச் என்னை மன்னிக்க மாட்டாள்.) சரி, இரண்டும் கொஞ்சம் வட்டமடிக்கட்டும் என்று பேனாவை வைத்துவிட்டுக் கீரையைக் கிளறப் போனேன். ஒகோலா செய்த அதே தப்பு! காக்கவைத்தால் கதையில் எதுவும் எரியாது என்று நினைத்துவிட்டேன்.

கீரை அடிப்பிடித்திருந்தது.

“என்ன அலு, பேசாம இருக்க?”

“ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.”

இனி என்னால் ஆகாது. அவள் கை பொத்தானின் மேல் இருக்கிறது. முதலில் இறங்க வேண்டியது சின்னதா, பெரியதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். தாராளமாக யோசியுங்கள்.

“ஒண்ணே முக்கால்,” என்கிறாள் அலுவோச்.