நானா, நாமா

என் அண்ணன் பாடகர். என் கணவர் அவர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் கலந்து கட்டி, ஒரு ஓட்டை வேனில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். ஒருநாள் வானொலிப் பேட்டியில், "இந்தப் பாட்டையெல்லாம் யார் உருவாக்குறது?" என்று கேட்டார்கள். "நான்தான்" என்று அண்ணன் சொல்லிவைத்தார். பக்கத்து நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. நல்லது கெட்டதுக்கு வருவார்கள், ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

இப்போது, தலை முழுக்க நரைத்த பிறகு, அண்ணன் தனியாக ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். குரல், கிடார், மவுத் ஆர்கன் எல்லாம் அவரே. டிரம்ஸ் கிடையாது.

"கேக்கிறீங்களா?" என்றேன்.

"எனக்கு வேற வேலையில்லையா?" என்றார் கணவர்.

அவருக்கு வேலை இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். மறுநாள் காலை காரைக் கழுவப் போகிறேன் என்று வாளியோடு இறங்கினார். வெகுநேரமாக ஆளைக் காணோம் என்று போய்ப் பார்த்தால், வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து அண்ணன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், திருட்டுப் பூனை மாதிரி. நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் நிறுத்தவில்லை.

வேனைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. 'நாங்கள் போனோம், நாங்கள் நனைந்தோம்' என்று அண்ணனின் கரகரத்த குரல்.

"பாத்தியா? நாங்களாம்!" என்றார்.

"அதுல நீங்களும் உண்டுதானே? அந்த வேன்ல நீங்க இல்லையா?"

"இருந்தேன். ஆனா நாங்கள்னா ஊருக்குச் சொல்றது. கேக்கிறவன் அதுல சேர்த்தி இல்ல. இப்ப நான் கேக்கிறவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆல்பம் முழுக்க இந்த மனுஷன் தனக்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைசிப் பாட்டு மட்டும் வேறு மாதிரி. அதில் அண்ணன் யாரையோ 'நீ' என்று கூப்பிட்டார்.

'பாதி வழியில் நீ இறங்கிப் போனா
மீதி வழிக்கு யாரு?
பழைய வண்டி, பழைய ரோடு,
போக வேண்டியது நா...'

அவ்வளவுதான். குரல் தேய்ந்து பாட்டு முடிந்தது.

"நான்னு பாடுறார்" என்றார் கணவர்.

"இல்ல, நாம்."

மறுபடி போட்டோம். சத்தத்தைக் கூட்டிப் போட்டோம். உதடு மூடியதா, நாக்கு மேலே தொட்டதா? கடைசி எழுத்தை மட்டும் காற்று கொண்டுபோயிருந்தது. அண்ணன் இவரைச் சேர்த்துக்கொண்டாரா, கழித்துவிட்டாரா? எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. இதற்கு மேல் பொறுக்க நான் என்ன பூமாதேவியா? போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கணவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"அண்ணா, கடைசிப் பாட்டுல கடைசி வார்த்தை என்ன? நானா, நாமா?"



"எழுதினது நாம்தாம்மா" என்றார் அண்ணன். "பாடப் போனா வாய் வரல. கிடாரும் நான், மவுத் ஆர்கனும் நான், காலால தட்டினதும் நான். தனியா உக்காந்துக்கிட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நாம்னு பாடுறது? அன்னிக்கு அவரைப் பக்கத்துல வச்சிக்கிட்டே நான்னு சொன்ன வாய்தானே இது."

கணவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். திட்டத்தான் செய்தார்.

"மச்சான், அந்தக் கடைசி வரியில தாளத்தை விட்டு ஓடிட்டீங்க. காலால தட்டினா அப்படித்தான். அதான் மூச்சு பத்தல."



"ஆமா மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "ஓடித்தான் போச்சு."

"எங்க, மறுபடி பாடுங்க. மெதுவா."

போனை மடியில் வைத்துக்கொண்டு இவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்ட ஆரம்பித்தார். அண்ணன் கிடார் இல்லாமல், வெறும் வாயால் பாடினார். பழைய வண்டி, பழைய ரோடு. கடைசி வரி வந்தபோது இவர் வாயும் அசைந்தது. அதில் முடிந்த 'ம்' யாருடையது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை.