ஒரு கிலோமீட்டர் கிழக்கே

சாம்பசிவன் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டதும் ஜீவிதா கம்ப்யூட்டர் திரையிலிருந்து நிமிர்ந்தாள்.

மணி ஒன்று இருபத்தாறு. மண்டி மொஹல்லா கடைத்தெருவில், மிளகாய் மில்லுக்கு மேல்மாடியில் அவர்கள் ஆபீஸ். கீழே ஓடும் மெஷினின் அதிர்வில் மேஜைமேல் டம்ளர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"வரைபடத்துல தப்புன்னு மெயில் போட்டிருக்கியே?"

"என் தப்புதான் சார்."

குண்டலுபேட்டைக்கு அப்பாலுள்ள காட்டில் எங்கே தீப்பிடிக்கும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல், இவர்கள் இருவரும் உருவாக்கியது. வெயில், காற்று, சருகின் ஈரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, ஆபத்தான இடங்களைச் சிவப்புக் கட்டங்களாகத் துப்பும். அதை வரைபடத்தில் ஏற்றும்போது ஜீவிதா ஒரு கட்டம் கிழக்கே தள்ளி ஏற்றிவிட்டாள். சரியாக ஒரு கிலோமீட்டர். நேற்றுதான் கண்ணில் பட்டது.

"இந்தக் கோடையில நாலு தீ. நாலும் சிவப்புக் கட்டத்துலதானே?"

"தப்பான கட்டத்துல, சார். அது ஓடைக்கரை, மார்ச்சுலயும் ஈரம் காயாது. காஞ்ச காடு மேற்கே இருக்கு. அங்க ஒரு சருகுகூட எரியல." "காடு நம்ம வரைபடத்தைப் பார்த்து எரியாது. பார்த்தது நாம ரெண்டு பேர்தான். நாலாவது தீயில வனக் காவலர் மாரிசாமி கரிக்கட்டையாக் கிடந்தாரே சார்..."

அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மூணு வருஷமா ஒருத்தனும் நம்பல. நாலு தீ வெச்சேன், இப்ப ஃபாரஸ்ட்காரன் எல்லாக் காட்டுக்கும் நம்ம மாடல்தான் வேணுங்கறான். அந்தாளு அங்க வருவான்னு மாடல் சொல்லலியே."

சொல்லிக்கொண்டே சார்ஜர் வயரை உருவியவர், அடுத்த நொடி அதை அவள் கழுத்தில் சுற்றி இறுக்கினார். மேஜை விளிம்பில் அவள் முகம் மோதியது. பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது.

"கத்தும்மா. கீழ மெஷின் ஓடுது, யாருக்குக் கேக்கும்?"

வயருக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைத்திருந்தாள். எலும்பு நொறுங்குவதுபோல் வலித்தது. திரையில் ஒன்று இருபத்தொன்பது. தினமும் ஒன்றரைக்கு, மில்லை ஓட்டும் மல்லப்பன் சாப்பாட்டுக்காக மெஷினை நிறுத்துவான். பகலில் கிளப்புக்குப் போய்விடும் சாம்பசிவனுக்கு அது தெரியாது.

கண் இருட்டியது. மேஜையைத் துழாவிய இடது கையில் மண்ணீரம் அளக்கும் கருவி சிக்கியது. சாண் நீளத்துக்கு இரண்டு எஃகு ஊசிகள். டம்ளரையே பார்த்தாள்.

அதன் நடுக்கம் நின்றது.

இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, அவர் தொடையில் கருவியைக் கைப்பிடிவரை இறக்கினாள்.

கத்தியது அவர்தான். அந்த அலறல் தெருமுனை வரை கேட்டிருக்கும். படிகளில் திமுதிமுவென்று கால்கள். மூன்றாவது உதையில் கதவு பெயர்ந்து விழுந்தது.

"ஏனாயித்து மேடம்?" மிளகாய்ப்பொடி அப்பிய முகத்தோடு மல்லப்பன் என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டான்.

ஜீவிதா ரத்தத்தோடு பல்லையும் துப்பினாள். "போலீஸைக் கூப்பிடுங்க. மாரிசாமியை எரிச்ச ஆளு இவர்தான்."

தரையில் புரண்ட சாம்பசிவனின் தொடையில், கருவி இன்னும் ஈரத்தை அளந்துகொண்டிருந்தது.