எட்டு மாத நடை

காளியம்மாள் மாத்திரை டப்பாவைத் தரையில் கவிழ்த்தாள். அட்டைகள் ஐஸ் பெட்டியின் கால்வரை சிதறின. பெட்டிக்குள் அவள் தம்பி பஞ்சநதம் நெற்றி நிறைய விபூதியோடு கிடந்தார்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நாத்தங்கால்ல நின்னவன். வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சவன் எப்படிடி சாவான்? என்னத்தடி குடுத்த?”

தலைமாட்டில் அவர் மனைவி ஞானாம்பாள் உட்கார்ந்திருந்தாள். இந்த நாத்தனாரோடு அவளுக்கு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. ஒரே தெருவில் ஏழு வீடு தள்ளித்தான் இருந்தார்கள். எதிரே வந்தால் ஒருத்தி மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். இன்றைக்கும் காளியம்மாள் வந்து ஞானாம்பாளின் தோளைக் கட்டி அழவில்லை. தெருவே அதைப் பார்த்தது.

“டேய் பிரபு, ஸ்டேஷனுக்குப் போன் போடு. அறுத்துப் பாக்கட்டும். அப்பத் தெரியும் இவ லட்சணம்.”

ஞானாம்பாளின் மகன் பிரபு சென்னையிலிருந்து விடிகாலையில்தான் வந்திருந்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

காளியம்மாளின் மகள் அனுராதா குனிந்து அட்டைகளைப் பொறுக்கினாள். அவள் தஞ்சாவூரில் நர்ஸ்; தினமும் பஸ்ஸில் போய்வருபவள்.

“ஆஸ்பத்திரி ஃபைல எடுத்துட்டு உள்ள வாங்க” என்றாள். அத்தை என்று கூப்பிடவில்லை.

“நல்லாப் பாருடி” என்று பின்னாலிருந்து காளியம்மாள் கத்தினாள். “ஒன்னய மருமகளா வேணாம்னு சொன்ன மகராசி வீடுதான். கூச்சப்படாமப் பாரு.”

உள்அறையில் நெல் மூட்டைகளின் மேல் ஃபைலை விரித்து, அனுராதா ஒவ்வொரு அட்டையாக ஒப்பிட்டாள்.

“ரத்தம் ஒறையாம இருக்குறதுக்கு இருக்கு. பிரஷருக்கு இருக்கு. கொழுப்பு மாத்திரை எங்க?”

அவள் இன்னொரு அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தக் கால்சியம் யாருக்கு? சீட்டுல இல்லையே.”

“அவருக்குத்தான். அதுக்குப் பதிலா இதக் குடுத்தேன். ரெண்டும் வெள்ளையா, நீட்டமா ஒண்ணுபோல இருந்துச்சு.”

“எத்தன நாளா?”

“எட்டு மாசமா.”

அனுராதா ஃபைலை மூடினாள். “ஸ்டென்ட் வெச்ச ஆளு” என்றாள்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து வந்த இரண்டாம் மாதம் பஞ்சநதத்துக்குத் தொடை வலி ஆரம்பித்தது. வரப்பு ஏற முடியவில்லை. ஒருநாள் கக்கூசுக்குள்ளிருந்து “ஞானம்” என்று கூப்பிட்டார். குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். டாக்டரிடம் சொன்னார்கள். “வயசாயிடுச்சுல்ல, தெனம் நடங்க. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க” என்றார். டாக்டர் சொல்லிவிட்டால் பஞ்சநதத்துக்கு அதற்கு மேல் பேச்சில்லை. மூன்று மாத்திரையும் உள்ளங்கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் வாயில் போடுவார். கொழுப்பு மாத்திரையால்தான் வலி என்று அவளுக்குப் பட்டது; கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று கேட்காமலே மாற்றிவிட்டாள்.

மூன்று வாரத்தில் தானாக எழுந்தார். குறுவை நடவுக்கு மண்வெட்டியோடு இறங்கினார். “நடன்னாரு டாக்டரு. நடந்தேன், போயிடுச்சு” என்று டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னார். அவளிடமும் சொன்னார். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“சில பேருக்கு அந்த மாத்திரை சதையில வலி குடுக்கும்” என்றாள் அனுராதா. குரலை உயர்த்தவில்லை. “ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு டோசக் கொறைப்பாங்க. இல்லாட்டி வேற மாத்திரை எழுதுவாங்க. எங்க வார்டுல வாரம் ஒருத்தருக்காவது நடக்கும். ஏழு வீடு தள்ளி இருக்கேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

ஞானாம்பாள் விரிந்து கிடந்த அட்டைகளை ஒன்றாக அடுக்கினாள்.

“எப்படிக் கேப்பீங்க? ஊரான் மூத்திரத்த அள்ளுற கை எங்க வீட்டுல சோறு பொங்க வேணாம்னு கோயில் வாசல்ல வெச்சுச் சொன்னீங்க. பத்துப் பேரு நின்னாங்க. பிரபுவும் நின்னான்.”

வெளியே காளியம்மாள், “என்னடி இன்னும்?” என்றாள்.

“சொல்லிடு” என்றாள் ஞானாம்பாள். “ஒங்கம்மாகிட்ட, பிரபுகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லு. அவர மட்டும் அறுக்க விடாத.”

அனுராதா கால்சியம் அட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“ஒங்களுக்காக இல்ல. அவரு என் மாமா. மத்தத நீங்களே வெச்சுக்கங்க.”

கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “ஹார்ட் அட்டாக்தாம்மா. மாத்திரை சாப்புடுறவங்களுக்கும் வரும். ஸ்டேஷன்லாம் வேணாம். நேரத்தோட எடுக்கச் சொல்லுங்க.”

பிரபு போனைப் பைக்குள் வைத்தான். அம்மா பக்கம் வரவில்லை.

“அப்ப இவ ராசிதான்” என்றாள் காளியம்மாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வெடிச் சத்தம் தெருமுனை திரும்பி, வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் போனது. பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். கூடத்தை முடித்துவிட்டு, காளியம்மாள் வாளியோடு கொல்லைக்கு வந்தாள்.

ஞானாம்பாள் கொல்லைப் படியருகே நின்றுகொண்டிருந்தாள். வேலிப் படலிலிருந்து சிமென்ட் தரை வழியாகப் படிவரைக்கும் அவர் நேற்று வைத்த சேற்றுக் கால்கள் காய்ந்து வெளுத்திருந்தன. நீள நீளமாக எடுத்து வைத்த எட்டுகள். சுவரில் எங்கும் கைச்சேறு இல்லை. மூன்று படியிலும் படிக்கு ஒரு கால்தான்.

“தள்ளுடி.”

அவள் நகரவில்லை.

காளியம்மாள் அவள் காலோடு சேர்த்துத் தண்ணீரை வீசி ஊற்றினாள். சேறு முதலில் கறுத்தது. பிறகு விளிம்புகள் கரைந்து, மேல்படியிலிருந்து அடுத்த படிக்கு மெல்ல இறங்கியது.