பொட்டு வைத்த வால்வுகள்

கடலோரத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இருபது வருஷம் போர்மேனாக இருந்த தனசேகர், மலைமேல் சொந்த ஊரான அட்டுவம்பட்டியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார். உச்சுக் கொட்டாத ஆள் ஊரில் பாக்கியில்லை. பெரிய கம்பெனி ஒரு காகிதத்தில் ஆலையை மூடியது, அடுத்த காகிதத்தில் விற்றது. வாங்கியவர்கள், அவரையும் அவர் பழனிப் பக்கமிருந்து கூட்டிப்போன பதினேழு பேரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். தன் வேலை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். நம்பி வந்தவர்களை நடுத்தெருவில் விட்டோமே என்பதுதான் அரித்தது. அவர்களில், உலையை அடக்கி ஆண்ட செல்வமுருகன் இப்போது பழனியில் பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போடுகிறான். இதெல்லாம் ஒரு நியாயமா!

அன்று காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவள் லாவண்யா, ஆலையை வாங்கிய கம்பெனியின் எஞ்சினியர். மலை வளைவுகள் அவளைப் படுத்தியெடுத்திருந்தன. தனசேகரின் மனைவி மகாராணி சுக்குக் காப்பி கொடுத்து உட்கார வைத்தாள். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசமா முட்டிப் பாக்குறோம் சார், ஆலையை ஓட்ட முடியல. வரைபடத்துல ஒண்ணு இருக்கு, குழாய் வேற எங்கேயோ போகுது" என்றாள் லாவண்யா.

"அது நாப்பது வருஷத்துப் படம் மேடம். அதுக்கப்புறம் எத்தனை தடவை வெட்டி ஒட்டியாச்சு. அதுக்குத்தான் அடையாளம் வச்சிருந்தோமே."

அந்த அடையாளம் ஆயுத பூஜையில் வைப்பது. திறக்க வேண்டிய வால்வுக்குப் பொட்டு, தொடவே கூடாததற்குத் திருநீற்றுப் பட்டை. மழையில் கரைகிறதே என்று பிற்பாடு பெயிண்டிலேயே வைத்தார்கள். அவரவர் வால்வுக்கு அவரவர் கையால்தான் வைக்க வேண்டும். அதில் பழனிக்காரர்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள்.

லாவண்யா குரலைத் தாழ்த்தினாள். "பாக்கச் சுத்தமா இருக்கட்டும்னு எல்லாத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிச்சிட்டோம் சார்."

நல்லா வேணும் என்று தனசேகருக்குச் சிரிப்பு முட்டியது. கேரட் கூடையைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"நீங்க மட்டும் வந்தாப் போதும். கேக்குற சம்பளம் தர்றோம்."

சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பஞ்சாமிர்த டப்பா கண்ணில் நின்றது. விழுங்கிக்கொண்டார்.

"நான் மட்டும் வந்து என்ன செய்ய மேடம்? எனக்கு என் நாலு வால்வுதான் தெரியும். மிச்சம் அவனவனுக்குத்தான் வெளிச்சம். பதினெட்டு பேருக்கும் ஆர்டர் போடுங்க. கான்ட்ராக்ட் வேணாம், நிரந்தர வேலை."

லாவண்யா போனோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அரை மணி நேரம் அங்கேயே நடந்தாள். திரும்பி வந்து, "ஒத்துக்கிட்டாங்க. நான் கெளம்பவா?" என்றாள்.

"ஆர்டர் வந்த பொறகு வெரசாப் போகலாம். அதுவரைக்கும் ஒருவாய் சாப்பிடுங்க" என்று மகாராணி இலையைப் போட்டாள்.

ரசத்துக்கு வருவதற்குள் ஆர்டர் வந்துவிட்டது, பதினெட்டு போனுக்கும். செல்வமுருகன்தான் முதலில் கூப்பிட்டான். "அண்ணே, எப்பக் கெளம்பணும்?" என்றான். "நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறுலே" என்றார் தனசேகர்.

கார் வளைவில் மறைந்ததும் மகாராணி பக்கத்தில் வந்தாள். "ஏங்க, நெசமாவே நாலுதான் தெரியுமா?"

"இருபது வருஷமா பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒவ்வொருத்தன் பின்னாலயும் போனது யாருங்கிறே? நூத்தி நாப்பத்தாறு வால்வு. கண்ணைக் கட்டி விட்டாலும் கை தன்னால போகும்."

அவர் கேரட் கூடையை அவள் பக்கம் நகர்த்தினார். "மிச்சத்தை நீ கழுவு. எனக்குச் சோலி கெடக்கு."