சுண்ணாம்பியைக் கொல்லச் சொன்னவர்கள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஏழாம் வகுப்புக்கு நூலகம். அறிவியல் டீச்சர்தான் பாடத்தோடு நூலகத்தையும் சேர்த்துச் சுமப்பவர். ஆறு மாதத்துக்கு முன் ஒரு செருப்பு டப்பாவின் மூடியில் துளை போட்டு, ‘படித்ததைப் பற்றி உங்கள் கருத்து’ என்று எழுதி ஒட்டி மேஜைமேல் வைத்தார். பிள்ளைகள் சீட்டில் எழுதிப் போட வேண்டும், டீச்சர் அதை எடுத்துச் சத்தமாக வாசிப்பார். வாசிப்புப் பழக்கம் வளர்கிறதே என்று தலைமை ஆசிரியைக்கு ஒரே பூரிப்பு. டப்பா வைத்த காரணம் தெரிந்திருந்தால் அந்த அம்மாவின் பூரிப்பு இறங்கியிருக்கும்.

பிள்ளைகள் அடித்துப் பிடித்துப் படிக்கும் ‘ஏழாம் மாடிப் பள்ளி’ வரிசையை எழுதுவது சாட்சாத் இந்த அறிவியல் டீச்சர்தான். அட்டையில் ஏதோ ஓர் ஆண் பெயர் இருக்கும். மந்திர சக்தியோடு பிறந்த பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. ஒருத்தி சுவருக்குள் புகுந்து வருவாள், ஒருவன் குழாய்த் தண்ணீரோடு பேசுவான். நின்றுகொண்டே தூங்கும் தலைமை மந்திரவாதினி அசப்பில் இந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையேதான், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுவது உட்பட. குட்டு உடைந்தால் மறுநாளே வேலைக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் டீச்சர் வாயைத் திறப்பதில்லை. ஆனால் புகழைக் காதால் கேட்கும் ஆசை யாரை விட்டது? அதற்குத்தான் டப்பா.

புகழ் கொஞ்சம்தான் வந்தது. பிள்ளைகளுக்கு இரக்கமே கிடையாது. ‘மூணாம் பாகத்துல பறந்தவன் நாலாம் பாகத்துல ஏன் பஸ்ஸுக்கு நிக்கிறான்?’ என்று ஒரு சீட்டு. ‘எழுதினவருக்கு மறதி ஜாஸ்தி’ என்று இன்னொன்று. டீச்சர் முகத்தை மாற்றாமல் வாசித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பல்லைக் கடிப்பார்.

எல்லாச் சீட்டிலும் தப்பாமல் அடிபடுவது சுண்ணாம்பிதான். அலுவலகத்தில் யாரோ பெயரை மாற்றி எழுதியதால் மந்திரப் பள்ளிக்குள் வந்துவிட்ட, ஒரு சக்தியும் இல்லாத பெண் அவள். கரும்பலகைக்குப் பின்னால் ஒளிந்து சாக்பீஸ் தின்பாள். அதனால் உதடு எப்போதும் வெள்ளையாக இருக்கும். சிரிப்புக்கென்று சேர்த்த பாத்திரம், நாலு பாகத்தில் எல்லாருக்கும் சலித்துப்போனது. மூன்று மாதத்துக்கு முன் டீச்சரே நைசாகக் கேட்டுப் பார்த்தார், அடுத்த பாகத்தில் சுண்ணாம்பியை என்ன செய்யலாம் என்று. முப்பத்தெட்டுச் சீட்டில் இருபத்துமூன்று, அவளைக் கொன்றுவிடச் சொன்னது. டீச்சர் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க வகுப்பே சிரித்தது. பதிப்பாளருக்கு வந்த கடிதங்களும் அதையே சொல்லவே, டீச்சர் ஐந்தாம் பாகத்தில் அவளைச் சாகடித்தார். எழுதும்போது அழுகை வந்தது. நமக்கே அழுகை வருகிறதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஏழாவதாக எடுத்த சீட்டை வழக்கம்போல வாசிக்க ஆரம்பித்தார். “இதை எழுதினது யாருன்னு...” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைக் கண் மட்டும் படித்தது.

‘...எனக்குத் தெரியும். சாக்பீஸ் தின்னதைப் பார்த்தது அவங்க மட்டும்தான். யார்கிட்டயும் சொல்லல.’

முப்பத்தெட்டு ஜோடிக் கண்கள் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தன. “...தெரிஞ்சா கையெழுத்து வாங்குவேன்” என்று எதையோ ஒட்டவைத்து முடித்தார். சீட்டை மடித்துக் கைப்பைக்குள் போட்டார். அடுத்த சீட்டில் என்ன இருந்தது, அதை வாசித்தாரா இல்லையா என்பதே பிறகு நினைவில்லை.

ஆள் யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. மறந்துபோனதுதான் ஆச்சரியம். இரண்டரை வருடத்துக்கு முன் ஒரு மதிய இடைவேளை. ஆளில்லாத நாலாம் வகுப்பில் கரும்பலகைக்குப் பின்னால் ஒரு சிறுமி குந்தியிருந்தாள், கையில் பாதி சாக்பீஸ், உதடெல்லாம் வெள்ளை. டீச்சர் கைக்குட்டையால் வாயைத் துடைத்து அவளை வெளியே அனுப்பினார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லவுமில்லை. கதைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அதெல்லாம் தோன்றவே இல்லை. அன்றைக்குச் சாயந்திரமே எழுத உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிறுமி இப்போது ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் உட்காருகிறாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருக்கிறாளா என்றே தெரியாது.

மணி அடித்தது. எல்லாரும் நெருக்கியடித்து ஓடினார்கள். அவள் மட்டும் ஓடவில்லை. மேஜைமேல் கிடந்த புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கதவைச் சாத்தினார். ஒரு குழந்தையிடம் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல டீச்சர்.”

“அம்மாகிட்ட?”

“அம்மாகிட்டயும் இல்ல.”

போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து, உனக்கு என்னம்மா வேண்டும், கையெழுத்தா, புதுப் புத்தகமா என்று கேட்டார்.

அவள் அடுக்கிய புத்தகங்களின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அஞ்சாம் பாகத்துல நான் செத்துருவேனா டீச்சர்?”

நான் என்றுதான் சொன்னாள். சுண்ணாம்பி என்று சொல்லவில்லை.

டீச்சர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. கதை வேறு, நீ வேறு, யாரையோ பார்த்து யாரையோ எழுதுவோம், அதெல்லாம் கற்பனை என்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அறிவியல் டீச்சர் அல்லவா, எழுதியது நடக்காது என்பதற்கு மூன்று காரணங்களும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“மூணாம் பாகத்துல என் அப்பா ஊருக்குப் போறேன்னு போயிட்டுத் திரும்பி வரமாட்டாரு இல்ல, அதை ஏன் எழுதினீங்க?”

“அது சும்மா எழுதினதும்மா.”

“அந்தப் புத்தகம் லீவுல வந்துச்சு. பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் அப்பா போயிட்டாரு. இன்னும் வரல.” அவள் குரல் உயரவே இல்லை. “சும்மா எழுதினதே நடந்துருச்சு டீச்சர்.”

இந்தப் பெண்ணின் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதே டீச்சருக்குத் தெரியாது. தெரியாமல்தான் எழுதினார். தெரியாமல் எழுதியது என்று எந்த வாயால் இவளை நம்பவைப்பது?

சுண்ணாம்பி படியில் உருண்டு விழுகிற நாலாம் பாகம் வந்ததிலிருந்து மாடிப்படியில் ஓடுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். சாக்பீஸை அதற்கு முன்பே விட்டாயிற்றாம். அப்படியும் வாரா வாரம் டப்பா திறக்கும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுமாம், பொத்தினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று கையை மடியிலேயே வைத்திருப்பாளாம்.

“அன்னிக்கு இருபத்துமூணு பேர் கொல்லச் சொன்னாங்கன்னு எண்ணிச் சொன்னீங்க இல்ல? அதுல ஒண்ணு நான் எழுதினது.”

“நீயா? ஏம்மா?”

“பக்கத்துல இருந்தவ எட்டிப் பாத்தா. வேற மாதிரி எழுதினா கண்டுபிடிச்சிருவா.”

டீச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை போவது, தலைமை ஆசிரியை, கண்ணாடி, எல்லாம் எங்கோ போய்விட்டது. இப்போது வந்த பயம் வேறு. திங்கட்கிழமை அம்மாவை அழைத்து வா, ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம், ரத்தம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான் என்றார். தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அவள் முகம் வெளுத்துப்போனது.

“டாக்டர்கிட்டயா? அப்போ நிஜமாத்தானா?”

டீச்சர் செல்போனை எடுத்தார். அவள் எதிரிலேயே பதிப்பாளரைக் கூப்பிட்டு, ஐந்தாம் பாகத்தின் முடிவை மாற்றவேண்டும், அச்சை நிறுத்துங்கள் என்றார். பதிப்பாளர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு, புத்தகம் தைத்து, அட்டை போட்டு, காலையிலேயே லாரி ஏறிவிட்டது என்றார். திங்கட்கிழமை கடையில் இருக்கும், வாசகர் கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறோம், இது எழுதுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் நடுக்கம்தான், நன்றாகத் தூங்குங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவள் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல நேரம் இருந்தது. உன்னை எப்போதோ காப்பாற்றிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை முப்பத்தேழு பிள்ளைகள் கையில் புத்தகம் இருக்கும், அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா நிறையும். டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

“அச்சாயிடுச்சும்மா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருக்கலாம்.

“எந்தப் பக்கத்துல டீச்சர்?”

“என்னது?”

“நான் சாகறது. எந்தப் பக்கம்?”

சொல்லக்கூடாது என்று நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. “நூத்தி எழுபத்தாறு.”

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதினாள். உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள்.

“ஒரு நாளைக்கு ஒரு பக்கம்னு படிச்சா நூத்தி எழுபத்தஞ்சு நாள் வருது. கிட்டத்தட்ட ஆறு மாசம்.” நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்குள்ள ஆறாம் பாகத்துல என்னை எழுப்பிடுவீங்க இல்ல?”

“எழுப்பிடறேன்” என்றார் டீச்சர். ஐந்தாம் பாகத்தில் அவளை மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, எழுப்புவதற்கு ஒரு விரல்கூட மிச்சமில்லாமல் எழுதியிருந்தார்.

அவள் தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். அவள் கைப்பிடியை விடாமல், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, மெதுவாகக் கீழே இறங்கிப் போனாள்.