கையில் வாங்கிய புகையிலை

வெர்னா மூஸ்தூஸ், க்ரீ என்ற பழங்குடியில் பிறந்தவள். பதினெட்டு வருடமாக வழக்காடுகிறாள். தன் மக்களைப் பற்றிய இணையப் பாடத்தைக் கெடுவுக்குள் முடிக்கவில்லை என்று அவள் உரிமத்தை இன்று நிறுத்திவைக்கப் போகிறார்கள். நல்லிணக்கத்துக்காக வழக்கறிஞர் மன்றம் எல்லோருக்கும் கட்டாயமாக்கிய பாடம். கெடு முடிந்த வாரம் அவள் சித்தியின் சாவு வீட்டில், குல வழக்கப்படி நெருப்பு அணையாமல் காத்துக்கொண்டிருந்தாள். 'பழங்குடிகளின் துக்கத்தை மதிப்பது எப்படி' என்பது அந்தப் பாடத்தின் நான்காம் பகுதி. இனி அடுத்த மாதம்தான் பாடம் திறக்குமாம்.

மன்றத்து வாசலில் அவள் நின்றபோது, கட்சிக்காரி ஷைலீன் போனில் அழைத்தாள்.

"அக்கா, வியாழக்கிழமை கோர்ட்டுக்கு நீ வருவேல்ல? நீ இல்லேன்னா என் பிள்ளைய வேற வீட்டுக்குத் தத்துக் குடுத்துருவாங்க."

"வருவேன்." சொன்ன சொல் அவளுக்கே உள்ளீடற்று ஒலித்தது.

உள்ளே தலைவர் தார்வால்ட்சன் கோட்டில் பழங்குடிக் கைவேலையான பாசிமணிப் பூ குத்தியிருந்தார்.

"வெர்னா, ஒரு சின்ன உதவி. இந்த நிலத்தோட பூர்வகுடிகளுக்கு நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்போம். அந்தப் பேரெல்லாம் என் வாயில நுழையல. நீங்களே சொல்லிடுங்களேன்."

"என்னைத் தூக்குல போடறதுக்கு முன்னாடி எனக்கு நானே நன்றி சொல்லிக்கணுமா, சார்?"

எல்லோரும் நெகிழ்ந்து சிரித்தார்கள். "இவங்க மக்களோட நகைச்சுவையைப் பத்திக்கூடப் பாடத்துல இருக்கு," என்றார் ஓர் உறுப்பினர்.

சொல்லி முடித்தாள். பிறகு சிவப்புத் துணியில் முடிந்த புகையிலையை எடுத்துத் தலைவரிடம் நீட்டினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஷைலீன் வழக்கு வியாழக்கிழமை முடியற வரைக்கும் என் உரிமத்துல கை வைக்காதீங்க."

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். செயலாளர் படமெடுத்து உடனே மன்றத்தின் இணையப் பக்கத்தில் போட்டாள்.

"பெரிய கௌரவம். சரி, விதிப்படி இன்னையிலிருந்தே உரிமத்தை நிறுத்தி..."

"வாங்கிட்டீங்களே, சார்."

"ஆமா, ரொம்ப நன்றி."

"வாங்கினா, கேட்டதுக்குச் சம்மதம்னு அர்த்தம். பாடத்துல ரெண்டாம் பகுதி."

செயலாளர் திரையைத் தள்ளிப் பார்த்தாள். "இருக்கு சார். நீங்க அதுல முழு மார்க்."

முடிச்சு திடீரென்று சுட்டதுபோல அவர் மேசையில் வைத்தார். "திருப்பிக் குடுத்துட்டா?"

"குடுங்க. அதையும் படமெடுத்துப் போடச் சொல்லுங்க."

விசாரணை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

நடைக்கூடத்தில் அவளுக்கு வெற்றி இனிக்கவில்லை. ஏமாற்றவில்லை, வாய்விட்டுத்தான் கேட்டாள். ஆனால் அவர் காதில் விழாது என்று தெரிந்தேதான் நீட்டினாளோ? சித்தி இருந்திருந்தால் சிரித்திருப்பாளா, திட்டியிருப்பாளா? ஷைலீனை அழைத்து, "வருவேன்டி," என்றாள். இம்முறை சொல்லில் கனம் இருந்தது.

பின்னால் தார்வால்ட்சன் மூச்சிரைக்க வந்தார்.

"வெர்னா, பிரமாதம்! அடுத்த மாசப் பாடத்துல இதை நீங்களே வந்து சொல்லிக் குடுக்கணும்."

அதே சிவப்பு முடிச்சை, இரண்டு கைகளாலும், முறைப்படி நீட்டினார்.

வெர்னா தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டாள்.