ஆடிக்கு முன் வைத்த வாசல்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து ஜன்னலில் கிடைத்தது. சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில், மல்லூரைத் தாண்டி, சோளத்தட்டு அறுத்துவிட்ட ஒரு காட்டின் நடுவே ஒரு வாசல் நிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. தேக்கு நிலை, அதன் உச்சியில் காய்ந்த மாவிலை, வெளுத்துப்போன மஞ்சள் துணி. பக்கத்தில் இருந்த அம்மாளிடம் அது என்ன என்று கேட்டேன்.

"அது ஆசுபத்திரிங்க" என்றார். "கொழந்தைங்களுக்குன்னே கட்டறாங்க. பர்மிசன் வரலீங்களாமா."

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஆண்டகளூர் கேட்டில் அவர் இறங்கிவிட்டார். இதற்கு மேல் வருகிறவர்கள் எல்லாரும் நான் உண்டாக்கிய மனிதர்கள். அவர்களுக்கு நேர்வதற்கும் நானே பொறுப்பு.

2

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். புருஷன், பெண்டாட்டி, மாமியார், ஒரு மனத்தாங்கல், கடைசிக்கு முந்திய அத்தியாயத்தில் ஒரு காய்ச்சல், முடிவில் எல்லாரும் ஒரே பந்தியில். பழக்கதோஷத்தில் இப்படித் தொடங்கினேன்:

"தனப்பிரியா முதன்முதலாக மோகன்குமாரைப் பார்த்தபோது, அவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிப் புழுதியில் தலை முதல் கால் வரை"

(முடிக்கவில்லை. அவர்கள் காதல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிலை ஏன் தனியாக நிற்கிறது என்பதை அது சொல்லாது.)

இரண்டாவது தொடக்கம்:

"குழந்தைகளுக்கென்று ஒரு சிறப்பு மருத்துவமனை கட்ட, விளைநிலத்தை மாற்ற ஓர் ஒப்புதல், வரைபடத்துக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று, எக்ஸ்ரே அறைக்கு"

(இதுவும் கதை இல்லை. ஆனாலும் இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குழந்தைகள் படுத்திருக்கும் கட்டடம் தீப்பிடிக்கக் கூடாது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விதியும் நியாயம். எல்லாம் வரிசையில் வந்து நின்றுகொண்டு, முன்னால் நிற்பவர் நகரட்டும் என்று காத்திருப்பதில்தான் ஆண்டுகள் போகின்றன.)

3

சரி, மனிதர்களிடமே போகிறேன்.

தனப்பிரியா பச்சிளங்குழந்தை மருத்துவர். ராசிபுரத்தில் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்தாள். குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை வந்தால், ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் கூடவே ஏறிக்கொள்வதுதான் அங்கே அவளால் ஆகக்கூடிய வைத்தியம். அந்தக் குழந்தைகளை ஏற்றாமல் அங்கேயே வைத்துக் காப்பாற்ற ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

நிலத்தைக் கொடுத்தவர் மாமியார் சௌந்திரம். பிறந்த வீட்டில் எழுதி வைத்த காடு அது. மகன் மோகன்குமாருக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் மடியிலேயே போய்விட்டது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பத்திரம் பதிந்த அன்றைக்கு மருமகளிடம் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, "சட்டுனு கட்டு சாமி" என்றார்.

விண்ணப்பம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனி முடியப்போகிறது. ஆடி பிறந்தால் எதையும் தொடங்க முடியாது. ஆவணிக்குத் தள்ளினால் மோகன்குமார் ஜாதகத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அனுமதி எப்போதாவது வரட்டும், ஆனியிலேயே நிலையை நட்டுவிட்டால் தொடங்கியதாக ஆகிவிடும் என்றார் சௌந்திரம். தனப்பிரியா தடுக்கவில்லை. நாலு மரச்சட்டம்தானே, அத்தையின் மனசு ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

குழிக்குள் நவதானியமும் துளித் தங்கமும் போட்டு, நிலையை நிறுத்தி, சிமெண்டு ஊற்றினார்கள். மோகன்குமாரின் ரிக் வண்டி ஓட்டுகிற தனசேகர் ஒரு பக்கத்தைத் தனியாளாகத் தூக்கிப் பிடித்தான். அவன் மனைவி சுகன்யா மாசமாக இருந்தாள். சௌந்திரம் அவள் வயிற்றைப் பார்த்துச் சிரித்து, "உம்புள்ளைக்குத்தான் நம்ம ஆசுபத்திரில மொத ஊசி" என்றார்.

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் வருவதைத் தெரிந்துகொண்டு எழுதியது போலிருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.)

4

ஆடியில் ஓர் அறிவிப்பு வந்தது. (கதைக்குள் இருக்கும் அரசாங்கத்தின் அறிவிப்பு.) குழந்தைகளுக்கான சிறப்பு மருத்துவமனைகளுக்கு இனி எல்லா அனுமதியும் ஒரே இடத்தில், சீக்கிரமாக. தனப்பிரியா அதைச் செல்போனில் திரும்பத் திரும்பப் படித்தாள். வெளியே காத்திருந்த தாய்மார்களுக்கு டாக்டரம்மா எதற்குச் சிரிக்கிறார் என்று புரியவில்லை.

மனையைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார்.

"அவர் தங்கப்பல் தெரியச் சிரித்து, மோகன்குமாரின் சட்டைப்பையை"

(அடித்துவிட்டேன். கெட்டவன் ஒருவன் கிடைத்தால் எனக்கு எவ்வளவு சௌகரியம். அவனைக் கடைசியில் மாட்டிவிடலாம், வாசகர்களும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். ஆனால் வந்தவர் நல்ல மனிதர்.)

அவர் மோரை வாங்கிக் குடித்துவிட்டு நிலையின் அடியில் இருந்த சிமெண்டைக் குனிந்து பார்த்தார். இது எப்போது வைத்தது என்று கேட்டார். ஆனியிலேயே வெச்சுட்டமுங்க என்று சௌந்திரம் பெருமையாகச் சொன்னார்.

அப்புறம்தான் அவர் விளக்கினார். புதிய சலுகை இன்னும் வேலை தொடங்காத மனைகளுக்கு மட்டும். அனுமதி வாங்காமல் தொடங்கியவர்கள் பழைய வழியிலேயே முதலிலிருந்து வர வேண்டும். அதற்கு மேல் அபராதமும் உண்டு.

"ஒரு செவுரு இல்லீங்களே சார்" என்றாள் தனப்பிரியா.

"சிமெண்டு போட்டு நட்டிருக்கீங்க டாக்டர். வேலை ஆரம்பிச்சதாத்தானுங்க கணக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எடுத்துட்டு ஒரு போன் பண்ணுங்க. மாசக் கடைசி வரைக்கும் நான் எழுதாம வெச்சிருக்கேன். மறுபடியும் வந்து, காலி மனைன்னு எழுதிக் குடுத்தர்றேன்" என்றார்.

5

ஒரு கடப்பாரை, இரண்டு ஆள், அரை நாள் வேலை. இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும்.

நட்ட நிலையைப் பிடுங்கினால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்பது சௌந்திரத்தின் நம்பிக்கை. மோகன்குமார் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துக்கொண்டான், வண்டியை எடுத்துக்கொண்டு போர் போட வெளியூர் போய்விட்டான். சௌந்திரம் காரணத்தை மருமகளிடம்தான் சொன்னார்.

"ஒண்ணக் குடுத்துட்டேன் சாமி. மிச்சம் இருக்கறது இவன் ஒருத்தன். அந்த வாசல் நெலவப் புடுங்கி இவனையுங் குடுக்கச் சொல்றயா?"

(இங்கே தனப்பிரியாவின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. படித்தவள், டாக்டர். அத்தை சந்தைக்குப் போன ஒரு மத்தியானத்தில் டிராக்டரை விட்டு இழுத்திருக்கலாமே? நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கிலும் அவள் காடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு எதிரே உட்கார்ந்து உட்கார்ந்து, அவர்களிடம் வாதாடும் சக்தியை அவள் எங்கோ தொலைத்திருந்தாள்.)

மாசம் முடிந்தது. அதிகாரி எழுதிவிட்டார்.

6

ஆவணியில், பிரசவ நாளுக்கு இன்னும் மாசக்கணக்கில் இருக்கும்போதே சுகன்யாவுக்கு வலி கண்டது. ஆண் குழந்தை, உள்ளங்கை அகலம். சேலத்தில் கேட்ட இடங்களில் எல்லாம் மூச்சுக் கருவிகள் வேறு குழந்தைகளிடம் இருந்தன. கோயம்புத்தூரில் ஒன்று காலியாக இருப்பதாகச் சொன்னார்கள்.

நல்ல வெயில். ஆம்புலன்ஸ் ஜன்னலில் சங்ககிரி, பவானி என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. தனப்பிரியா கையாலேயே மூச்சுப் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டு வந்தாள். தனசேகர் முன்னால் உட்கார்ந்து, டிரைவரிடம் எந்த இடத்தில் குழி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். ரிக் வண்டி ஓட்டி அவனுக்கு அந்தச் சாலை மனப்பாடம். பெருந்துறையைத் தாண்டியதும் தனப்பிரியா கையை நிறுத்தினாள். அவனிடம் உடனே சொல்லவில்லை. அவன் இன்னும் குழிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

(இதை மாற்றி எழுத முடியுமா என்று பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து காலையில் விட்டுப்போகும் அத்தியாயங்களை நிறைய எழுதியவள் நான். கை வரவில்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நிலையை அன்றைக்கே எடுத்திருந்தாலும், ஆவணிக்குள் அஸ்திவாரம்கூட முடிந்திருக்காது. இந்தக் குழந்தை பிழைத்திருக்காது. எனக்கும் தெரியும், தனப்பிரியாவுக்கும் தெரியும். சௌந்திரத்திடம் அதைச் சொன்னால் அவர் காதில் ஏறாது.)

துக்கம் கேட்டு வந்த மறுநாள் தனப்பிரியா அதிகாரிக்குப் போன் செய்தாள். போட்டோவோடு அறிக்கை மேலே போய்விட்டது என்றார். "இப்ப எடுத்தாலும் கட்டி இடிச்சதாத்தான் வருங்க டாக்டர். பழைய வழிதான். எத்தன வருசமாகும்னு என்னால சொல்ல முடியலீங்க." அவள் இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

7

இப்போது காட்டில் இருக்கிறோம். வெயில் சாய்ந்துகொண்டிருக்கிறது. சௌந்திரம் தனியாக வந்திருக்கிறார். கையில் கடப்பாரை. நிலையின் அடியில் ஒரு பக்கத்துச் சிமெண்டைப் பெயர்த்தும் விட்டார். சுகன்யாவின் வீட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கண் சிவந்திருக்கிறது. தேடிக்கொண்டு வந்த மருமகளைப் பார்த்ததும் நிமிர்ந்து கேட்கிறார்:

"இப்ப எடுத்தாப் பர்மிசன் குடுத்துருவாங்களா சாமி?"

குடுப்பாங்க என்று தனப்பிரியா சொன்னால், அவர் அந்த நிலையைப் பிடுங்குவார். தன் ஒரே மகனின் உயிரைப் பணயம் வைத்ததாக நம்பிக்கொண்டு, அவன் வண்டி வர நேரமாகும் ஒவ்வொரு முறையும் நடுங்கிக்கொண்டு, வராத அனுமதிக்காகக் காத்திருப்பார்.

குடுக்க மாட்டாங்க என்று சொன்னால் கடப்பாரையைக் கீழே போடுவார். சுகன்யாவின் பிள்ளையைத் தன் பிடிவாதம்தான் கொன்றது என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு உறுதியாகிவிடும். அதற்கப்புறம் அவர் மருமகளின் முகத்தைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. வழக்கமாக நான் எழுதுவது அதைத்தான். இந்தச் சமயத்தில் தனப்பிரியாவின் செல்போன் அடிக்கும், அந்த நல்ல அதிகாரி பேசுவார். அந்தப் போனை நான் அடிக்கவிடப் போவதில்லை.

தனப்பிரியா வாயைத் திறந்து "அத்தை" என்கிறாள். அதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். சௌந்திரம் பெயர்த்த சிமெண்டுத் துண்டைக் காலால் ஒதுக்கிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் சொல்லுங்கள். உங்களைத்தான் பார்க்கிறார்.